வயல் வேலையில் கீறல்: வீட்டில் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

கரும்புத் தோட்டத்தில் சோகை உரிக்கப் போகும் பெண்கள், புடவைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். அப்படியும் மாலையில் வெளியே வரும்போது மணிக்கட்டிலும் கழுத்திலும் கன்னத்திலும் கோடு கோடாகக் கீறல் விழுந்திருக்கும். கரும்புத் தோகையின் ஓரம் ரம்பப் பல் போன்றது. கண்ணுக்குத் தெரியாது, கையை இழுத்தால்தான் தெரியும். தோகையின் அடிமட்டையில் உள்ள சுணை வேறு ஏறி அரிக்கும். வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளித்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, மறுநாள் காலை மறுபடியும் அதே தோட்டத்துக்குப் போகிறார்கள்.

கரும்பு மட்டும் அல்ல. வேலி அடைக்கும்போது சீமைக் கருவேல முள், பனை ஏறும்போது கருக்கு, கத்திரி பறிக்கும்போது காம்பு முள், எலுமிச்சை, ரோஜாத் தோட்டத்தில் கிளை முள், களை எடுக்கும்போது களைக்கொட்டு, அறுப்பில் அரிவாள் நுனி என்று விவசாய வேலையில் தோல் கீறாத நாளே இல்லை எனலாம். பெரும்பாலான கீறல்கள் தாமாகவே ஆறிவிடுகின்றன. அதனால்தான் கீறலை ஒரு காயமாகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆறாமல் போகும் ஒன்றிரண்டுதான் தொல்லை. சீழ் பிடித்தால் ஒரு வாரக் கூலி போகும். ரண ஜன்னி வந்தால் உயிருக்கே ஆபத்து. இவ்விரண்டையும் தடுக்கப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. சுத்தமான தண்ணீர், ஒரு துண்டு சோப்பு, சுத்தமான துணி, காலத்தில் போட்ட தடுப்பூசி ஆகியவை இருந்தால் போதும். இவற்றைவிட முக்கியம், காயத்தின்மேல் கண்டதையும் அப்பாமல் இருப்பது.

முதலில் தண்ணீர்

கீறல் பட்டவுடன் செய்ய வேண்டியது கழுவுவது. இதில் தாமதம் கூடாது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று நினைப்பது சரியல்ல. மண்ணும் சாணத் தூளும் ரத்தத்தோடு சேர்ந்து காய்ந்து ஒட்டிக்கொண்டால் பிறகு எடுப்பது கடினம்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் வயலில் கேள்வி. பக்கத்தில் ஓடுகிறது என்பதற்காக வாய்க்கால் நீரில் கையை அலசுவது பழக்கமாக இருக்கிறது. மேலே எங்கோ மாடு குளிப்பாட்டியிருப்பார்கள், எலி செத்துக் கிடக்கும், மருந்து தெளித்த டாங்கியைக் கழுவியிருப்பார்கள். அந்த நீர் வேண்டாம். குடிப்பதற்காகக் கொண்டுபோன குடத்து நீரே நல்லது. குடிக்கத் தகுந்த நீர் காயம் கழுவவும் தகுந்தது. ஆஸ்பத்திரியில் பயன்படுத்தும் உப்புநீரால் கழுவிய சிறு காயத்தையும், சுத்தமான குழாய் நீரால் கழுவிய காயத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளில், குழாய் நீரால் கெடுதல் அதிகம் என்று தெரியவரவில்லை. அதுவும் இல்லையென்றால் மோட்டார் குழாயிலிருந்து நேரே விழும் நீரைப் பிடித்துக் கழுவலாம். தொட்டியில் தேங்கிய நீரை அள்ளக் கூடாது.

கழுவும் முன் கழுவுகிறவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிறகு கீறலின்மேல் தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக அல்ல. மண் அடித்துக்கொண்டு போகும் அளவு விசை வேண்டும். சுற்றியுள்ள தோலைச் சோப்பால் கழுவலாம். தோல் வழண்ட காயத்தில் மணல் ஒட்டியிருந்தால் சுத்தமான ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். தேங்காய் நாரால் தேய்ப்பது தோலை மேலும் கிழிப்பதாகும்.

ரத்தம் கசிந்தால் மடித்த சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்தால், உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி வரும். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தம் கீறலின் கணக்கில் வராது, அதற்கு ஆஸ்பத்திரிதான்.

மஞ்சள், சுண்ணாம்பு, எருக்கம்பால்

ஊருக்கு ஊர் கைவைத்தியம் உண்டு. காப்பித் தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல், மண்ணெண்ணெய், மோட்டாருக்கு வைத்திருக்கும் டீசல், சாணம், கோழியிறகைச் சுட்ட கரி என்று காயத்தில் வைக்காத பொருள் இல்லை. இவற்றில் சாணத்தையும் மண்ணையும் அறவே விட்டுவிட வேண்டும். ரண ஜன்னிக் கிருமியின் வித்துக்கள் இருப்பது மண்ணிலும் கால்நடைகளின் சாணத்திலும்தான். அவை வெயிலுக்கும் மழைக்கும் அழியாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கொட்டகையைச் சாணத்தால் மெழுகலாம். காயத்தை மெழுகக் கூடாது.

சுண்ணாம்பு தோலை வேகச் செய்யும். மண்ணெண்ணெயும் டீசலும் எரிச்சலூட்டிப் புண்ணைப் பெரிதாக்கும். காப்பித் தூள் ரத்தத்தை நிறுத்துவதுபோல் தோன்றும். ஆனால் தூள் உள்ளே தங்கிவிட்டால், பிறகு கழுவும் டாக்டருக்குத்தான் அதன் தொல்லை தெரியும். முள் வெளியே வரட்டும் என்று எருக்கம்பால் வைக்கிறார்கள். அது தோலைப் புண்ணாக்கக் கூடியது. வைத்த விரலால் தெரியாமல் கண்ணைக் கசக்கிவிட்டால் பார்வையே மங்கலாம். கள்ளிப்பால் அதைவிடக் கொடியது.

மஞ்சளைப் பற்றிச் சொன்னால் பலருக்கு வருத்தம் வரும். மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் ஓரளவு உண்டு என்பது உண்மை. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி வழக்காடியதன் பேரில் 1997இல் அது ரத்தானது. ஈரோட்டு மஞ்சள் விவசாயிகள் கூடப் பெருமையோடு பேசிய செய்தி அது. ஆனால் அந்த வழக்கில் முடிவானது, இது புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பதுதான். அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் மஞ்சள் தூள் சுத்தமானது என்று அதில் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. சமையல் கரண்டியும் ஈரக் கையும் நாள்தோறும் படும் தூள் அது. கடைத்தூளில் நிறத்துக்காகக் கலப்படம் செய்வதும் உண்டு. காயத்தில் அப்பிய மஞ்சள் அடையாகக் காய்ந்து, அடியில் சீழ் கட்டுவதையும் தோல் சிவப்பதையும் மறைத்துவிடும். நன்றாகக் கழுவிய மேலோட்டமான கீறலில் கொஞ்சம் மஞ்சள் பட்டுவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. கழுவாமல் மஞ்சள் வைப்பதுதான் தவறு.

வரப்பில் மஞ்சள் நடுவுடன் வெள்ளைப் பூப் பூத்துக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டின் கதையும் இதுவே. அந்த இலைச்சாறு புண்ணை ஆற்ற உதவுகிறது என்று எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் உண்டு. ஆராய்ச்சிக் கூடத்தில் வைத்த சாறு வேறு. ஆடு மேய்ந்த வரப்பிலிருந்து பறித்து, சேறு படிந்த உள்ளங்கையில் கசக்கிப் பிழிந்த சாறு வேறு. பழைய வழக்கத்தை விட மனமில்லாதவர்கள், இலையைப் பல தரம் அலசி, கையையும் கழுவிக்கொண்டாவது பிழிய வேண்டும்.

மருந்துக் கடையில் வாங்குவதிலும் ஜாக்கிரதை தேவை. கேப்சூல் மாத்திரையை உடைத்துப் பொடியைக் காயத்தில் தூவும் வழக்கம் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. அது வயிற்றுக்குள் போவதற்காகச் செய்த மருந்து. தூவினால் பயன் இல்லை; அலர்ஜி வரலாம். மாட்டுக்கு வாங்கி வைத்த களிம்பையும் தெளிப்பு மருந்தையும் மனிதர்கள் போட்டுக்கொள்வது இன்னொரு தவறு. முன்பு பள்ளிக்கூடத்தில் முழங்காலில் தடவிவிட்ட சிவப்பு மருந்தில் பாதரசம் உண்டு. எங்காவது பழைய சீசா இருந்தால் பயன்படுத்த வேண்டாம். ஸ்பிரிட்டும் நுரைக்கும் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தோலையும் அரிக்கும். மருந்து எரிந்தால்தான் வேலை செய்கிறது என்ற எண்ணம் தவறானது. அழுக்குப் பட்ட கீறலுக்குப் பொவிடோன் அயோடின் களிம்பு கொஞ்சம் தடவலாம். சுத்தமாகக் கழுவிய சிறு கீறலுக்கு அதுவும் கட்டாயம் இல்லை.

காய விடுவதா, மூடுவதா?

காற்றுப் பட்டால் காயம் சீக்கிரம் ஆறும், பொருக்குக் கட்டினால் நல்லது என்பது நெடுநாளைய நம்பிக்கை. இதை முதலில் மாற்றியது பன்றிகளை வைத்துச் செய்த ஒரு சோதனை. ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் 1962இல் அதன் முடிவை வெளியிட்டார். பன்றியின் தோல் பல விதங்களில் மனிதத் தோலை ஒத்தது. அதில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டு, சிலவற்றை மெல்லிய பாலிதீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத் தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளியது. பொருக்கு காய்ந்துவிட்டால், புதுத் தோல் அதைத் தாண்ட முடியாமல் அடியில் ஈரம் உள்ள இடமாகப் பார்த்து நுழைந்து போக வேண்டியிருக்கிறது. காய்ந்து வெடித்த நிலத்தில் வேர் ஓடுவதற்கும் பதமான நிலத்தில் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

எனவே கழுவிய கீறலை ஒற்றித் துடைத்து, மெல்லியதாக வாசலின் தடவி, சுத்தமான துணியோ பிளாஸ்திரியோ போட்டு மூடுவது நல்லது. சோகை கீறிய வெறும் கோடுகளுக்கு இது தேவையில்லை. குளித்து வாசலின் தடவினால் போதும். தோல் வழண்டு சதை தெரியும் இடங்களுக்கே கட்டு. கட்டை நாளுக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். நனைந்தாலோ அழுக்கானாலோ உடனே மாற்ற வேண்டும். ஈரம் என்றால் காயத்தின் சொந்தக் கசிவே தவிர, நடவு வயலில் ஊறிய துணியின் ஈரம் அல்ல. சேற்றில் நனைந்த கட்டை நாள் முழுவதும் வைத்திருப்பதைவிடக் கட்டே இல்லாமல் இருப்பது மேல்.

கடையில் பஞ்சும் துணியும் வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய பருத்தி வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து, கொதிக்கும் நீரில் இருபது நிமிடம் போட்டு எடுத்து, நல்ல வெயிலில் கொடியில் உலர்த்தி, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, கழுவிக் காயவைத்த டப்பாவில் மூடி வைத்துக்கொள்ளலாம். நைலான் கலந்த துணி உதவாது.

முள் ஒடிந்து உள்ளே தங்கினால்

முன்பெல்லாம் பெரியவர்களின் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கி ஒன்று தொங்கும். சிறிய பொருள், பெரிய உதவி. இன்று ஊக்கு, ஊசி, சில சமயம் பிளேடு என்று கையில் கிடைத்ததைக் கொண்டு குத்துகிறார்கள். ஊசியானாலும் முள்வாங்கியானாலும் நெருப்பில் காட்டி ஆறவிட்டோ, கொதிநீரில் போட்டு எடுத்தோ பயன்படுத்த வேண்டும். முள்ளின் முனை வெளியே தெரிந்தால், அது ஏறிய திசையிலேயே மெல்ல இழுத்து எடுத்து, பிறகு கழுவ வேண்டும். தெரியாத முள்ளைத் தேடி அரை அங்குல ஆழம் தோண்டுவது வீட்டில் செய்கிற காரியம் அல்ல. மூட்டின் மேலோ, உள்ளங்கையின் நடுவிலோ, கண்ணுக்குப் பக்கத்திலோ ஏறிய முள்ளையும் வீட்டில் தொடக் கூடாது. கருவேல முள்ளும் ஈச்ச முள்ளும் மூட்டுக்குள் ஒடிந்து தங்கினால், வாரங்கள் கழித்துக்கூட வீக்கமும் வலியும் தரும்.

இங்கே ஒரு பழைய நோயைச் சொல்ல வேண்டும். அதன் பெயரே மதுரைக்கால். 1842இல் மதுரையில் வைத்தியம் பார்த்த ஜான் கில் என்ற ஆங்கிலேய டாக்டர் அதை முதலில் எழுதி வைத்ததால் உலகம் முழுவதும் அந்தப் பெயர் நிலைத்தது. வெறுங்காலோடு நடக்கும் விவசாயியின் காலில் முள் குத்தும்போது மண்ணிலுள்ள காளான் இனக் கிருமியோ வேறு வகை நுண்கிருமியோ உள்ளே போய்விடுகிறது. முள் குத்தியது மறந்தே போய்விடும். மாதங்கள் கழித்து, சில சமயம் ஆண்டுகள் கழித்து, வலியில்லாத ஒரு கட்டி தோன்றும். வலி இல்லாததால் யாரும் காட்டுவதில்லை. பிறகு பாதம் பருத்து, பல கண்கள் வைத்து, சீழோடு கடுகுபோல் கறுப்பாகவோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ குருணைகள் வரும். அந்த நிலையில் எலும்பு வரை பரவியிருக்கலாம். காலையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2016இல் இதைக் கவனிப்பாரற்ற நோய்களின் பட்டியலில் சேர்த்தது. காலில் வலியில்லாத கட்டி இருந்து மெல்ல வளர்கிறது என்றால், அது சிறிதாக இருக்கும்போதே அரசு ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும். செருப்புப் போட்டுக்கொண்டு வேலி வேலைக்குப் போவது இதற்கு நல்ல தடுப்பு.

ரண ஜன்னி ஊசி யாருக்கு வேண்டும்?

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஜன்னி வரும் என்று நினைக்கிறார்கள். துருவுக்கும் இந்த நோய்க்கும் நேரடியான சம்பந்தம் இல்லை. ஆணியில் ஒட்டியிருக்கும் மண்தான் காரணம். பளபளப்பான புது அரிவாளில் சாணம் பட்ட மண் இருந்தால் அதுவும் அதே ஆபத்துதான். ஆழமான குத்துக் காயத்தில் ஆபத்து அதிகம். எனினும் சிறு கீறல் வழியாகவும் வரக் கூடும். பெரும்பாலும் 3 நாள் முதல் 21 நாளுக்குள் நோய் தெரியும். முதலில் தாடை இறுகும். வாய் திறந்து சாப்பிட முடியாது. பிறகு கழுத்தும் முதுகும் விறைத்து, உடம்பு வில்லாக வளையும்.

நம் நாட்டில் குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் 1978இல்தான் தொடங்கியது. 1985க்குப் பிறகே அது எல்லா மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் பரவியது. அதற்கு முன் பிறந்த பெண்களில் பலருக்குப் பிரசவ காலத்தில் ஜன்னி ஊசி போடப்பட்டிருக்கும். அதே வயது ஆண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆகவே இன்று வயலில் இறங்கும் ஐம்பது, அறுபது வயது ஆண்களில், முழுமையாக ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் இருக்கக் கூடும். காயம் படும்போதெல்லாம் ஒன்று போட்டதாக ஞாபகம் இருக்கும். எப்போது, எத்தனை என்று தெரியாது. இவர்கள் காயத்துக்காகக் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டுக்குள் மூன்றாவது என்று வரிசையாகப் போட்டுக்கொள்வது உசிதம். இப்போது தொண்டை அடைப்பான் நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுகிறார்கள்.

மூன்று ஊசி முடித்தவர்களுக்கு ஒவ்வொரு கீறலுக்கும் ஊசி தேவையில்லை. சுத்தமான சிறு கீறலானால் கடைசி ஊசிக்குப் பின் 10 ஆண்டு கடந்திருந்தால் போதும். மண்ணும் சாணமும் பட்ட காயமானால் 5 ஆண்டு கடந்திருந்தாலே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட தேதியைக் குடும்ப அட்டையோடு ஒரு தாளில் எழுதி வைத்தால், அடுத்த முறை ஞாபகத்தைத் தேட வேண்டியிருக்காது.

நாய், பூனை, மாடு

நாய் பிராண்டிய கீறல் முள் கீறியது போன்றதல்ல. ரத்தம் வராத சிறு பிராண்டலானாலும் வெறிநோய்த் தடுப்பூசி வேண்டும். ரத்தம் வந்திருந்தால் ஊசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தும் வேண்டும். பூனை பிராண்டினாலும் இதே விதிதான். முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். மிளகாய், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. கட்டும் போடக் கூடாது. நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டு ஊசியைத் தள்ளிப் போடுவதும் கூடாது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் பெரியவர்கள் சிலருக்கு இன்னும் இருக்கிறது. அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி 2004இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் கையின் தோலில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று இலவசமாகப் போடுகிறார்கள். வலி குறைந்தவுடன் கடைசி ஊசியை விட்டுவிடக் கூடாது. இந்நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம்.

கறவை மாடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாடு தீனி எடுக்காமல், வாயில் எச்சில் ஒழுக, குரல் மாறிக் கத்திக்கொண்டு, விழுங்க முடியாமல் தவித்தால், தொண்டையில் பனங்கொட்டையோ மாங்கொட்டையோ சிக்கிவிட்டது என்று கையை உள்ளே விட்டுத் தேடுவது வழக்கம். அது வெறிநோயாகவும் இருக்கலாம். நாய் கடித்தது யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கும். சோகை கீறிய கையை அந்த வாய்க்குள் விட்டால், நாய் கடித்ததற்குச் சமம். கால்நடை டாக்டர் வந்து பார்க்கும் வரை கையை வைக்கக் கூடாது. முன்பே வைத்துவிட்டவர்கள், கையில் கீறல் இருந்ததோ இல்லையோ, உடனே ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொல்லி யோசனை கேட்க வேண்டும்.

புல் அறுக்கும்போது எது கீறியது என்றே தெரியாமல் போவதும் உண்டு. முள்ளா, பாம்பா என்ற சந்தேகம் வந்தால் பாம்பு என்றே வைத்துக்கொண்டு புறப்பட வேண்டும். கட்டுவிரியன் பல் பட்ட தடம் சில சமயம் தெரிவதே இல்லை. வலியும் வீக்கமும்கூட இருக்காது. கண் இமை சொருகினாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. கயிறு இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108 வண்டியை அழைக்க வேண்டும்.

கீறலோடு வேலைக்குப் போவது

கையில் கீறல் இருக்கும்போது பூச்சிமருந்து கலக்கவோ தெளிக்கவோ கூடாது. முழுத் தோல் தடுக்கும் மருந்தைக் கீறிய தோல் தடுக்காது. உடம்புக்குள் எளிதில் ஏறும். அன்றைக்கு வீட்டில் வேறொருவர் தெளிக்கட்டும். இல்லையேல் ரெண்டு நாள் தள்ளிப் போடலாம். யூரியா விசிறுவதும் அப்படியே. உப்பு பட்ட புண்போல் எரியும், ஆறுவதும் தாமதமாகும்.

சேற்றில் இறங்குவதில் உள்ள ஆபத்து எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரில் இருக்கும் கிருமி, கால் கீறல் வழியாகவும் சேற்றுப்புண் வழியாகவும் உடம்பில் நுழைகிறது. நடவு, அறுப்புக் காலங்களிலும் வெள்ளம் வடிந்த பிறகும் இது அதிகம். திடீர்க் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு ஆகியவை அடையாளம். டாக்டரிடம் போகும்போது, "வயலில் இறங்கினேன், காலில் கீறல் இருந்தது" என்று தாமாகவே சொல்ல வேண்டும். சொன்னால் சரியான மருந்து சீக்கிரம் கிடைக்கும். கூலிக்குப் போகிறவர்களிடம் நான்கு நாள் இரு என்று சொல்வது எளிது. அடுப்பு எரிய வேண்டுமே. காயம் ஆறும் வரை நடவுக்குப் பதில் நாற்றுக் கட்டு எடுத்துக் கொடுப்பது, வரப்பு வேலை என்று மாற்றிக் கொடுக்க நிலம் வைத்திருப்பவர்கள் முன்வரலாம். அதனால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் கீறல் விழுந்ததே தெரியாமல் இருக்கலாம். அவர்கள் இரவு படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். இவர்களுக்குக் காலில் சிறு கீறலானாலும் வீட்டு வைத்தியம் போதாது. டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

மற்றவர்கள் எப்போது போக வேண்டும்? இரண்டு நாளில் வலி குறைவதற்குப் பதில் கூடினால், கீறலைச் சுற்றிச் சிவப்புப் பரவினால், தொட்டால் சூடாக இருந்தால், சீழ் வந்தால், காலில் காயம் பட்டு அரையிலோ, கையில் பட்டு அக்குளிலோ நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும். காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுவது அவசரம். தாடை இறுகுவது அதைவிட அவசரம். கண்ணின் கருவிழியில் நெல் தோகையோ கரும்புத் தோகையோ கீறினால் வீட்டில் எதையும் ஊற்றக் கூடாது. தாய்ப்பாலும் கூடாது. நெல் தோகை கீறிய கண்ணில் காளான் வளர்ந்து பார்வை போவது விவசாயக் குடும்பங்களில் நடக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகள் அதை இன்னும் வேகமாக வளர்க்கும். கண் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

பம்புசெட் அறையில் ஒரு மூடியுள்ள டப்பா வைத்துக்கொள்வது நல்லது. அதில் ஒரு சோப்புத் துண்டு, காய்ச்சிக் காயவைத்த வேட்டித் துணி, பிளாஸ்திரி, சிறிய வாசலின், பொவிடோன் அயோடின் களிம்பு ஒன்று, முள்வாங்கி, ஒரு கத்தரிக்கோல் இருந்தால் போதும். களிம்பின் காலாவதித் தேதியைப் பொங்கலுக்கு ஒரு தரம் பார்த்து மாற்ற வேண்டும். பழைய பூச்சிமருந்து டப்பாவை எவ்வளவு கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பூச்சிமருந்து வைக்கும் பலகையிலும் இதை வைக்கக் கூடாது. எறும்பு ஏறாத உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிடலாம்.